வண்டி ஏறி வந்த வண்டு

திருச்சபையின் பழைய இலத்தீன் திருச்சடங்கு நூலைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. ஐந்தாம் பவுல் திருத்தந்தை 1614ஆம் ஆண்டில் வெளியிட்ட அந்நூலோடு, பிற்காலத்தில் பற்பல மந்திரிப்புகள் சேர்ந்துகொண்டன. தோட்டத்தையும் களஞ்சியத்தையும் அழிக்கும் எலி, வெட்டுக்கிளி, வண்டு, புழு முதலியவற்றை விரட்டுவதற்கான மன்றாட்டு அவற்றுள் ஒன்று. குரு வயலுக்கே சென்று தீர்த்தம் தெளித்துச் சொல்ல வேண்டிய செபம் அது. அதே நூலில் வண்டிகளை மந்திரிக்கும் சடங்கும் உண்டு. காசா நோக்கிச் செல்லும் பாதையில், தேரில் அமர்ந்து இறைவாக்கு வாசித்துக்கொண்டு போன எத்தியோப்பிய அமைச்சரையும், அவரோடு ஏறி அமர்ந்து பொருள் விளக்கிய திருத்தொண்டர் பிலிப்பையும் அச்செபம் நினைவுகூர்கிறது. இருப்புப்பாதை வந்த பிறகு இரயிலுக்கும் ஒரு மந்திரிப்பு எழுதினார்கள்.

இவற்றுள் வண்டி மந்திரிப்பு இன்றும் நம் பங்குகளில் செழிப்பாக நடைபெறுகிறது. புதிதாக வாங்கிய ஆட்டோவுக்கும் காருக்கும் மாலை சூட்டி ஆலய முற்றத்தில் நிறுத்திவிட்டுப் பங்குத்தந்தையை அழைக்க வருபவர் இல்லாத வாரம் அரிது. பூச்சிகளுக்கு எதிரான மன்றாட்டைக் கேட்டு வருபவர் எவருமில்லை. தென்னையில் வண்டு விழுந்தால் வேளாண்மை அலுவலகத்துக்குப் போகிறோம்; அது முறையானதே. ஆயினும் நம் மாவட்டத்து வீட்டுத் தோட்டத்தின் கடந்த நூறாண்டு வரலாற்றை நோக்கும்போது, இவ்விரு மந்திரிப்புகளும் ஒரே கதையைச் சேர்ந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது. தோட்டத்துப் பகைவரில் பலர் வேலி தாண்டி வந்தவர்கள் அல்லர். வண்டி ஏறி வந்தவர்கள்.

நம் பக்கத்தில் வீடு என்றால் கட்டடம் மட்டுமன்று. வீட்டைச் சுற்றி ஒரு விளை இருக்கும். கண்டன்விளை, மாத்திரவிளை என்று ஊர்ப்பெயர்களே விளையில் முடிகின்ற நாடு இது. நாஞ்சில் நாட்டின் கிழக்குப் பகுதியில் வயலும் வாழையுமாக இருப்பது, மேற்கே கல்குளம், விளவங்கோடு வட்டங்களுக்குள் நுழைந்ததும் தென்னையும் பலாவும் அயனியும் மரச்சீனியுமாக மாறும். பின்கட்டில் பத்துத் தென்னை, கிணற்றங்கரையில் ஒரு மூடு மட்டி, ஒரு மூடு செந்துளுவன், முற்றத்து ஓரத்தில் முருங்கை, அடுக்களைக் கழிவுநீர் போகும் வழியில் சேம்பு, பந்தலில் பாகலும் புடலும்: இதுவே நடுத்தரக் குடும்பத்தின் நிலைமை. கடன் வந்தாலும் கல்யாணம் வந்தாலும் கை நீட்டுவது தென்னையிடம்தான். ஆகவே தென்னையைத் தொட்ட பூச்சி அடுப்பைத் தொட்ட பூச்சியாகும்.

அவ்வகையில் மூத்த பகைவன் காண்டாமிருக வண்டு. மலையாளத்தார் அதனைக் கொம்பன் செல்லி என்பர். எல்லையை ஒட்டிய நம் ஊர்களிலும் அச்சொல் காதில் விழும். தலையில் ஒரு கொம்பு. பகலில் ஒளிந்திருந்து இரவில் பறந்து வரும். விரியாத குருத்தைத் துளைத்து உள்ளே புகுந்து சாற்றை உறிஞ்சும். அந்தக் குருத்து ஓலையாக விரியும்போதுதான் நடந்த சேதம் வெளியே தெரியும். கத்தரிக்கோலால் வெட்டியதுபோல ஓலையில் முக்கோண வடிவில் இடைவெளிகள். இது ஊருக்கு வெளியே காட்டில் பிறப்பதில்லை. நாம் வெட்டி வைத்த எருக்குழியிலும், அகற்றாமல் போட்டுவிட்ட பட்ட தென்னந்தடியிலும் முட்டையிட்டு, மாதக்கணக்கில் வெள்ளைப் புழுவாக வளர்ந்து, வண்டாகி, நம் மரத்துக்கே திரும்பி வருகிறது.

அதைவிடக் கொடியவன் சிவப்புக் கூன்வண்டு. இதற்குக் கொம்பு இல்லை. வளைந்த மூக்கு ஒன்று உண்டு. காயம்பட்ட மரத்தையே நாடும். கொம்பன் துளைத்த துளை, ஏறுவதற்காக வெட்டிய படி, ஏதோ ஒரு புண் வேண்டும். கொம்பன் வாசலைத் திறந்து வைக்க, செம்பன் உள்ளே குடியேறும். அதன் புழுக்கள் தண்டைக் குடைந்து தின்னும் ஓசையை மரத்தில் காது வைத்துக் கேட்டறிந்த பெரியவர்கள் இருந்தார்கள். கேட்கும் அளவுக்கு வந்துவிட்டால் பெரும்பாலும் மரம் கைவிட்டுப் போனதாகவே பொருள். ஒருநாள் காற்றில் கொண்டை சாய்ந்து விழும்.

இவற்றுக்கு எதிராக முன்னோர் கையாண்ட முறைகள் எளியவை. நுனி வளைந்த இரும்புக் கம்பியால் குருத்தடியில் இருக்கும் வண்டைக் குத்தி எடுப்பார்கள். ஓலை இடுக்குகளில் மணலும் உப்பும், பின்னர் மணலும் வேப்பங்கொட்டைத் தூளும் இடுவார்கள். எருக்குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுவது பிள்ளைகளின் வேலை. வேளாண் விஞ்ஞானிகளின் இன்றைய பரிந்துரையும் இதிலிருந்து பெரிதும் விலகிவிடவில்லை என்பது நம் பாட்டிமாருக்குப் பெருமை. மரச்சீனி மூட்டைத் தோண்டும் பெருக்கானுக்கு மட்டும் எக்காலத்திலும் முழுத் தீர்வு கிடைக்கவில்லை. வாழ்வில் சிலவற்றோடு பகிர்ந்து உண்ணத்தான் வேண்டும் போலும்.

இதுவரை சொன்னவை மண்ணின் பூச்சிகள். இனிச் சாலையைப் பார்ப்போம்.

தூய சவேரியார் 1542 மே மாதம் கோவாவில் கரையிறங்கி, 1544ஆம் ஆண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கடற்கரை முழுவதும் நடந்தே திருமுழுக்கு அளித்தார். கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு வருபவர் எல்லாருக்கும் அக்காலத்தில் கோட்டாறே சந்தை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாண்டி நாட்டுச் சரக்கு மாட்டுவண்டிகளில் வந்து இங்கே இறங்கும். மீன்கூடை சுமந்த பெண்கள் மணக்குடியிலிருந்தும் பள்ளத்திலிருந்தும் வெறுங்காலோடு ஓட்டமும் நடையுமாக வந்து கம்போளத்தில் கூடுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், திருவனந்தபுரத்தையும் குமரிமுனையையும் நீர்வழியால் இணைக்க எண்ணி அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாயை வெட்டத் தொடங்கினார்கள். ஒரு கடவுள், ஓர் அரசி, ஓர் அரசர் ஆகிய மூவரின் பெயரையும் தாங்கியும் அது குமரிமுனையை எட்டாமலே நின்றுவிட்டது.

வழி இருந்தது, ஆனால் எல்லாருக்கும் இருந்ததா? கோட்டாற்றிலிருந்து ஒரு மணி நேர நடைத் தொலைவில் உள்ள சுசீந்திரத்தில், கோயிலைச் சுற்றிய தெருக்களில் தாழ்த்தப்பட்டோரும் பிற்படுத்தப்பட்டோர் எனப்பட்டவர்களும் நடக்கக் கூடாது என்ற தடை இருந்தது. மாடு நடக்கலாம், மாட்டை ஓட்டி வருபவர் சுற்றுவழியில் போக வேண்டும். வைக்கம் போராட்டம் 1924–25இல் நடந்ததைத் தொடர்ந்து, 1926இல் சுசீந்திரத்திலும் சத்தியாக்கிரகம் தொடங்கியது. அதனை முன்னின்று நடத்தியவர் கோட்டாற்றில் மருத்துவத் தொழில் செய்த டாக்டர் எம். இ. நாயுடு. 1930களிலும் அப்போராட்டம் தொடர்ந்தது. 1936 நவம்பர் 12ஆம் நாள் சித்திரைத் திருநாள் மகாராஜா கோயில் நுழைவுப் பிரகடனத்தை வெளியிட்டபோது கோயிலும் அதைச் சுற்றிய வீதியும் ஒன்றாகத் திறந்தன.

அதற்குப் பதினைந்து மாதங்கள் கழித்து, 1938 பெப்ருவரி 20ஆம் நாள், திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்துத் துறையின் பேருந்துகள் ஓடத் தொடங்கின. இந்த இரு நாள்களையும் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. இலண்டன் நகரப் போக்குவரத்து நிறுவனத்தில் பணியாற்றிய ஈ. ஜி. சால்ட்டர் என்பவரை அரசு வரவழைத்துத் துறைக்குத் தலைவராக்கியது. இங்கிலாந்திலிருந்து 60 காமர் அடிச்சட்டங்களும் பெர்க்கின்ஸ் டீசல் என்ஜின்களும் கப்பலில் வந்தன. கூண்டுகளை உள்ளூரிலேயே சால்ட்டரின் மேற்பார்வையில் கட்டினார்கள். தொடக்க நாளில் சால்ட்டரே வண்டியை ஓட்ட, மகாராஜாவும் குடும்பத்தாரும் பயணிகளாக அமர்ந்திருந்தார்கள். படித்த பட்டதாரிகள் நடத்துநர்களாக வேலைக்குச் சேர்ந்தார்கள். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி செல்லும் சாலையே அரசு முதலில் கையிலெடுத்த வழித்தடங்களுள் ஒன்று.

அரசர் ஏறினார் என்பதை வரலாறு எழுதி வைத்திருக்கிறது. எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அதற்கு மறுநாள் யார் யார் ஏறினார்கள் என்பது. எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று சாதிக்குச் சாதி அளவு வைத்திருந்த நாட்டில், சீட்டு வாங்கிய எவரும் எவருக்கும் பக்கத்தில் உட்காரலாம் என்பது ஒரு பலகை இருக்கை செய்த புரட்சி. அந்த இருக்கையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போவதைத் தவிர்க்க முடியாது, வளைவுகள் அப்படிப்பட்டவை.

பின்வந்த மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லி நகரலாம். 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தாய்த் தமிழகத்தோடு இணைந்தன. 1974இல் திருநெல்வேலியைத் தலைமையிடமாகக் கொண்டு கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகமும், 1983இல் நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு நேசமணி போக்குவரத்துக் கழகமும் அமைந்தன. மார்ஷல் நேசமணியின் பெயர் தாங்கிய அந்தப் பேருந்துகளை நம் மக்கள் பாசத்தோடு நினைவில் வைத்திருக்கிறார்கள். 1997இல் தலைவர்களின் பெயர்கள் எல்லாக் கழகங்களிலிருந்தும் நீக்கப்பட்டுப் பொதுப்பெயர் வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு இரயில் வந்தது 1979இல். திருநெல்வேலியோடு நாகர்கோவில் இணைந்தது 1981இல். நாகர்கோவில் சந்திப்பு நிலையம் அமைந்திருப்பதோ நம் கோட்டாற்றில்.

பேருந்து மனிதரை மட்டுமா ஏற்றிவந்தது? கூரைமேல் பலாப்பழமும் வாழைக்குலையும் மரச்சீனி மூட்டையும் கட்டிய பேருந்துகளை நடுவயது கடந்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போகும் தாய் வெறுங்கையோடு போவதில்லை. கருப்பட்டி, கொஞ்சம் அவல், இவற்றோடு சாக்கில் சுற்றிய இரண்டு வாழைக்கன்று. அவள் வீட்டுக் கிணற்றங்கரையில் அம்மா வீட்டு மட்டி காய்க்க வேண்டும் என்பது ஆசை. நம் விளைகளின் மரபுச் செல்வம் இப்படித்தான் ஊர் ஊராகப் பரவியது. கன்னியாகுமரி மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் அந்தத் தாய்மாருக்கும் பங்கு உண்டு.

அந்தச் சாக்குக்குள் இன்னொன்றும் பயணம் செய்யக்கூடும். வாழையில் முடிக்கொத்து நோய் என்று ஒன்று இருக்கிறது. இலைகள் குறுகி, உச்சியில் கொத்தாக நின்று, குலை தள்ளாமலே மரம் முடங்கிவிடும். இந்நோய் 1940ஆம் ஆண்டளவில் இலங்கையிலிருந்து வந்த கன்றுகளோடு கோட்டயம் பகுதியில் நுழைந்ததாக ஆய்வாளர் கூறுவர். வாழை அசுவினி என்னும் சிறு பூச்சி அதை மரத்துக்கு மரம் கொண்டுசெல்லும். ஆனால் ஊர்விட்டு ஊர் போக அசுவினிக்குச் சிறகு போதாது. கன்று சுமக்கும் கை வேண்டும். பழனி மலைச்சரிவுகளிலும் சிறுமலையிலும் புகழ்பெற்றிருந்த மலைவாழைத் தோட்டங்கள் இந்த நோயால் சீரழிந்தது பலரும் அறிந்த வரலாறு. அன்போடு கொடுத்த கன்று, அன்போடு வாங்கி நட்ட கன்று. குற்றவாளி என்று யாரைச் சொல்வது?

கடல்வழியில் இந்தக் கதை இன்னும் பெரிது. நம் எருக்குழியில் பிறக்கும் அதே காண்டாமிருக வண்டு, 1909ஆம் ஆண்டு இலங்கையிலிருந்து பசிபிக் கடலின் சமோவாத் தீவுக்கு அனுப்பப்பட்ட இரப்பர் நாற்றுகளின் மண்ணோடு கப்பலேறிப் போனது. இங்கே அதற்கு நோய்களும் இயற்கைப் பகைவரும் உண்டு. அங்கே எதுவும் இல்லை. தென்னையையே வாழ்வாகக் கொண்ட தீவு மக்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் அதனோடு போராடினார்கள். 1960களில் மலேசியாவில் இவ்வண்டைத் தாக்கும் வைரஸ் ஒன்றைக் கண்டறிந்து 1967இல் சமோவாவில் பரப்பிய பிறகே நிலைமை தணிந்தது. சிவப்புக் கூன்வண்டோ 1980களின் நடுவில் வளைகுடா நாடுகளின் பேரீச்சந்தோப்புகளில் தோன்றியது. நம் இளைஞர்கள் பிழைப்புத் தேடி அந்நாடுகளுக்குச் சென்றுகொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை. வண்டு போனது அவர்களோடு அல்ல. இடம்விட்டு இடம் கொண்டுபோன மரக்கன்றுகளோடு. அங்கிருந்து எகிப்து, ஸ்பெயின் என்று நகர்ந்து இத்தாலியையும் அடைந்தது. குருத்து ஞாயிறுக்காக வத்திக்கானுக்குக் குருத்தோலை அனுப்பும் மரபுடைய லிகூரியக் கடற்கரையின் போர்டிகேரா, சான்ரெமோ ஊர்களையும் அது விட்டுவைக்கவில்லை. நம் விளையின் பூச்சி உரோமாபுரியின் குருத்தோலைக்கே கணக்குக் கேட்டிருக்கிறது!

நமக்கும் பதில் விருந்து வந்தது. 1998இல் கேரளத்தின் எறணாகுளம் மாவட்டத்தில், தேங்காயின் தொட்டிக்கு அடியில் ஒளிந்து வாழும் ஈரியோஃபைட் சிலந்தி கண்டறியப்பட்டது. சிலந்தி என்று பெயர்தான்; கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர். மெக்சிகோவிலிருந்து கிடைத்த மாதிரியை வைத்து 1965இல் அறிவியல் அதற்குப் பெயரிட்டிருந்தது. சில ஆண்டுகளுக்குள் நம் மாவட்டத்துத் தேங்காய்களும் தொண்டு இறுகி, பழுப்பேறி, வெடித்து, சிறுத்துப் போயின. மரத்தின் வேரை வெட்டி மருந்துப் பையைக் கட்டி ஊட்டிய காலம் நினைவிருக்கும். 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது; செம்பருத்தியும் மரச்சீனியும் பப்பாளியும் வெள்ளை மாவு பூசியதுபோல ஆயின. 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் சுருள் வெள்ளை ஈ வந்தது. அது சொரியும் இனிப்பு நீரில் கரும்பூசணம் படர்ந்து தென்னை ஓலைகள் கரி பூசியதுபோல் நிற்பதை இன்றும் பார்க்கிறோம்.

எனினும், வந்தவை எல்லாம் பகை என்று முடிவு கட்டிவிட வேண்டா. நம் ஏழை வீடுகளின் பசியாற்றிய மரச்சீனியே பிரேசில் நாட்டுச் செடி. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதனை ஊக்குவித்தார். 1942இல் பர்மா அரிசி நின்றுபோனபோது திருவிதாங்கூரைக் காத்தது அதுவே. கொல்லாமரம், பப்பாளி, மிளகாய் எல்லாம் போர்த்துகீசியர் காலத்தில் கடல் கடந்து வந்தவை. பூச்சிகளிலும் நல்லவை உண்டு. வேலிக்காக வளர்த்த சப்பாத்திக் கள்ளி தென்மாவட்டங்களின் நிலங்களை மூடிக்கொண்டபோது, 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த ஒருவகைச் செதிற்பூச்சி அதைத் தின்று அடக்கியது. பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கியதும், 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து விமானத்தில் வரவழைத்த ஒரு சிறு குளவி. பூச்சி எது, காவலன் எது என்பதை முகம் பார்த்துச் சொல்ல முடிவதில்லை.

இந்தத் தடுமாற்றம் திருச்சபைக்கும் நேர்ந்ததுண்டு. சவாய் நாட்டுத் தூய ஜூலியன் என்னும் ஊரில், திராட்சைத் தோட்டத்தை அழித்த கூன்வண்டுகள்மீது மக்கள் திருச்சபை நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். 1545இல் முதல் வழக்கு. வண்டுகளைச் சபிக்க மறுத்த அதிகாரி, மக்கள் மன்றாடவும் மனந்திரும்பவும் பணித்தார்; வண்டுகளும் மறைந்தன. 1587இல் அவை திரும்பி வர, வழக்கும் திரும்பியது. வண்டுகளுக்கு நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் தொடக்க நூலைத் திறந்தார். மனிதருக்கு முன்பே இவை படைக்கப்பட்டன. பசும்பூண்டுகளை உணவாகக் கடவுள் இவற்றுக்கும் கொடுத்தார். ஆகவே இவை உண்பது களவாகாது என்று வாதிட்டார். ஊரார் இறங்கிவந்து, வண்டுகள் பிழைத்துக்கொள்ள ஒரு துண்டு நிலத்தை ஒதுக்கித் தர முன்வந்தார்கள். அது வளமற்ற நிலம் என்று வழக்கறிஞர் மறுத்தார்! தீர்ப்பு என்னவாயிற்று என்று அறிய வழியில்லை. ஏட்டின் கடைசிப் பக்கத்தை எலியோ பூச்சியோ தின்றுவிட்டது.

இன்று இதைப் படித்துச் சிரிக்கிறோம். எனக்கு அந்த வழக்கறிஞர்மீது மதிப்பு உண்டு. விரட்டுவதற்கு முன் எதிர்த்தரப்பின் குரலும் கேட்கப்பட வேண்டும் என்ற முறையை அவர் ஒரு வண்டுக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மனிதருக்கு நாம் அவ்வளவு செய்கிறோமா என்பதே கேள்வி.

2021ஆம் ஆண்டு மே மாதம் தமிழக அரசு சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தை அறிவித்தது. கடலோரப் பெண்களுக்கு அது பெரிய வரம். விடியலில் கரையில் மீன் எடுத்து, உள்நாட்டு ஊர்களில் தெருத்தெருவாக விற்று, மாலையில் வெறும் கூடையோடு திரும்பும் ஒருவருக்கு அன்றாடக் கட்டணம் மிச்சமாவது சிறு தொகையன்று. அதே ஆண்டு திசம்பர் மாதம், நம் மாவட்டத்துக் குளச்சல் பேருந்து நிலையத்தில், மீன் விற்றுத் திரும்பிய முதிய தாய் ஒருவர் நாற்றம் என்று சொல்லிப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். அவர் அங்கேயே நின்று நியாயம் கேட்டு அழுததை நாடே ஒளிப்படக் காட்சியில் பார்த்தது. முதலமைச்சர் கண்டித்தார், ஓட்டுநர், நடத்துநர், நேரக் காப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். சில நாள்களுக்குள் நாகர்கோவிலில் ஒரு நரிக்குறவர் குடும்பமும் அவ்வாறே பேருந்திலிருந்து இறக்கப்பட்டது. சீட்டு இலவசம், இருக்கை மட்டும் இல்லை.

ஊழியர் மூவரைக் கண்டித்ததோடு கணக்கு முடிந்ததாக நினைப்பது எளிது. நடத்துநர் தன் மூக்கை மட்டும் நம்பி ஒருவரை இறக்குவதில்லை. முகத்தைச் சுளித்து, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தி, அடுத்த இருக்கைக்கு நகரும் பயணிகளின் கண்களையும் பார்த்தே அவர் துணிகிறார். அந்தப் பயணிகளில் ஞாயிறு திருப்பலியில் அதே தாயோடு நற்கருணை வரிசையில் நின்றவர்கள் இருந்திருக்கக்கூடும். பிலிப்பு தேரில் ஏறி அமர்ந்தது ஒரு வேற்று நாட்டவரின் பக்கத்தில். அண்ணகர் என்பதால் யூதச் சட்டம் சபைக்குப் புறம்பாக வைத்திருந்தவரின் பக்கத்தில். வண்டி மந்திரிப்பில் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் நாம் புது வண்டியின் கதவைத் திறக்கிறோம்.

கேரள அரசு 2021 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் மீன் விற்கும் பெண்களுக்கென்று 'சமுத்ரா' என்ற பெயரில் கட்டணமில்லாத தனிப் பேருந்துகளை விட்டது. கூடை வைக்க வசதியுள்ள வண்டி என்ற அளவில் அது நல்ல உதவியே. நம் கடற்கரைக்கும் அத்தகைய வண்டி வேண்டும் என்று கேட்பவர்களை நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் தனி வண்டி இருக்கிறதே, பொது வண்டியில் ஏன் ஏறினாய் என்று கேட்கும் நாள் வருமானால், சுசீந்திரத்து வீதிக்கே திரும்பிப் போய்விடுவோம். டாக்டர் நாயுடுவும் தோழர்களும் கேட்டது தனித் தெரு அல்ல, அந்தத் தெரு.

பூச்சியைப் பற்றித் தொடங்கினேன்; அதற்கே வருகிறேன். பாகலிலும் புடலிலும் பீர்க்கையிலும் விழும் பழ ஈக்கு மருந்தடித்து மாளாது. ஈ தன் முட்டையைக் காயின் தோலுக்குள் இட்டுவிடுகிறது. புழு உள்ளேயே வளர்கிறது. மேலே தெளித்த நஞ்சு நம் குழம்புக்குத்தான் வந்து சேரும். வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் வழி கருவாட்டுப் பொறி. நனைத்த கருவாட்டுத் தூளைச் சிறிதளவு ஒரு பையிலோ சிரட்டையிலோ இட்டு, சில துளி பூச்சிமருந்து சேர்த்து, ஈ நுழையத் துளையிட்டுப் பந்தலில் தொங்கவிட வேண்டும். அந்த வாடைக்கு ஈக்கள் கூட்டமாக வந்து விழும். மீன்கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுக்கும் மீன் அமிலத்தை இயற்கை வேளாண்மை செய்பவர்கள் செடிகளுக்குத் தெளிக்கிறார்கள். மீன் கழுவிய நீரைத் தென்னை மூட்டில் ஊற்றுவது நம் வீடுகளின் பழைய வழக்கம். தூள் செய்யக் கருவாடு வேண்டுவோர் தொலைவில் தேட வேண்டியதில்லை. காலை ஏழு மணியளவில், கடற்கரை ஊர்களிலிருந்து வரும் பேருந்து நிற்கும் இடத்தில் காத்திருந்தால், கூடையோடு இறங்குபவரிடமே கேட்டு வாங்கலாம்.